சுழியோடியும் காவற்கடலும்: மத்தியதரைக்கடல் ஒதுக்குகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மத்தியதரைக்கடலின் கரைகளில் எழுந்த நாகரிகங்கள் யாவும் அக்கடலைப் பாதையாகவும் போர்க்களமாகவும் உணவுக்களமாகவும் அறிந்திருந்தன. ஆயின் அதன் அடித்தளத்தை அவை அறிந்திருந்தன எனக் கூறுதல் அரிது. அலைக்குக் கீழே இருந்தவை வலையிலோ தூண்டிலிலோ மேலே வந்தபோதே மனிதன் அவற்றைக் கண்டான். அக்கடலின் செம்பவளம் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே முசிறி முதலாய மேற்குக் கரைத் துறைகளில் இறக்குமதியானதை ‘எரித்திரியக் கடற் பெரிப்புளூசு’ கூறுகின்றது. உரோமர் இந்திய முத்தை மதிப்பது போன்று இந்தியர் பவளத்தை மதித்தனர் எனப் பிளினி எழுதினார். இங்கிருந்து முத்தும் அங்கிருந்து பவளமும் கடல் கடந்தன. எனினும் அவ்விரண்டும் விளைந்த ஆழங்கள் இரு சாராருக்கும் மறைபொருளாகவே இருந்தன.

அந்த ஆழத்தை மனிதன் கண்ணால் காணத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாம். கண்ட மனிதன் முதலில் அதனை வேட்டையாடினான். பின்னர் காக்க முற்பட்டான். இன்றோ அதனைக் காண வருவோரின் பெருக்கமே ஒரு சிக்கலாகி நிற்கின்றது. இம்மூன்று நிலைகளையும் பிரான்சின் போர்க்குரோ, சுபெயினின் மெடஸ் ஆகிய இரு தீவுப்பகுதிகளின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

மூச்சு விதித்த எல்லை

ஏஜியன் கடலின் கலிம்னோசு, சிமி முதலிய தீவுகளின் மக்கள் பல தலைமுறைகளாகக் கடற்பஞ்சு எடுக்கச் சுழியோடியவர்கள். கையில் ஒரு கல்லும் நெஞ்சில் ஒரு மூச்சுமே அவர்களது கருவிகள். ஒரு மூச்சில் எட்டக்கூடிய ஆழத்துக்கு அப்பால் இருந்தவற்றுக்கு எந்தச் சட்டமும் இன்றியே காவல் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் கொண்ட உடை அத்தீவுகளை அடைந்தபோது அந்த எல்லை உடைந்தது. ஆழத்திலிருந்து விரைந்து மேலெழுந்த பலர் இறந்தனர், பலர் முடமாயினர். குருதியில் கரைந்த நைதரசன் குமிழிகளாக வெளிப்படுவதே அதற்குக் காரணமென்பது பின்னரே தெளிவாயிற்று. 1900 ஆம் ஆண்டு அந்திக்கித்தரா தீவருகே பழங்காலக் கப்பற் சிதைவொன்றைக் கண்டெடுத்தவர்களும் சிமித் தீவின் பஞ்சுச் சுழியோடிகளே. கடலடி வரலாற்றின் முதற் பெருங் கண்டுபிடிப்பு அறிஞரால் அன்றித் தொழிலாளரால் நிகழ்ந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

கருவியின் பிறப்பு

மேலிருந்து வரும் குழாயின் பிணைப்பை அறுப்பதே அடுத்த முயற்சியாயிற்று. 1860களில் பிரான்சைச் சேர்ந்த ரூக்கேரோல் என்ற சுரங்கப் பொறியியலாளரும் டெனேரூஸ் என்ற கடற்படை அதிகாரியும் சுவாசிப்பவரின் தேவைக்கேற்ப வளியை வழங்கும் கருவியொன்றை அமைத்தனர். யூல் வேர்ண் தமது கடலடி நாவலில் இக்கருவியையே எடுத்தாண்டார். ஆயின் வளியை உயர்ந்த அமுக்கத்தில் அடைத்து வைக்கும் உருளைகள் அக்காலத்தில் இன்மையால் அது பரவவில்லை. 1920களிலும் 1930களிலும் லெ பிரியர் என்ற கடற்படை அதிகாரி நெருக்கிய வளி அடைத்த உருளையைப் பயன்படுத்தினார். அதில் வளி இடைவிடாது வெளியேறியமையால் நீருள் நிற்கக்கூடிய நேரம் மிகக் குறைவாயிற்று.

இக்குறைகளைத் தீர்த்த கருவி இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியிற் பிறந்தது. பெற்றோல் கிடைக்காத அக்காலத்தில் மோட்டார் வண்டிகளை வாயுவினால் இயக்க வேண்டியிருந்தது. இயந்திரத்தின் தேவைக்கேற்ப வாயுவை அளந்து கொடுக்கும் வால்வு ஒன்றைப் பாரிசில் எமில் கஞ்ஞான் என்ற பொறியியலாளர் அமைத்திருந்தார். கடற்படை அதிகாரியான யாக் கூஸ்தோ 1942 ஆம் ஆண்டின் இறுதியில் அவரைச் சந்தித்தார். நீருள் பத்து மீற்றர் இறங்கும்போது உடல்மீதுள்ள அமுக்கம் இருமடங்காகின்றது. சுழியோடி உள்ளிழுக்கும் வேளையில் மட்டும், அவனைச் சூழ்ந்துள்ள நீரின் அமுக்கத்துக்குச் சமமான அமுக்கத்தில் வளியைக் கொடுக்குமாறு அவ்வால்வு மாற்றியமைக்கப்பட்டது. 1943 ஆம் ஆண்டு கோடையில் பிரான்சின் தென்கரையிலுள்ள பந்தோல் அருகே அக்கருவி வெற்றிகரமாகப் பரீட்சிக்கப்பட்டது. ‘அக்குவாலங்’ என உலகறிந்த சாதனம் அதுவே.

வேட்டை நிலை

கூஸ்தோவும் அவருடைய தோழர்களான பிலிப் தயியே, பிரெடெரிக் துமா ஆகியோரும் கடலுள் முதலிற் புகுந்தது ஆய்வாளராகவன்று, வேட்டைக்காரராகவே. 1930களில் அக்கரை முழுவதும் நீர்க்கண்ணாடி அணிந்து ஈட்டியால் மீன் குத்தும் பொழுதுபோக்குப் பரவியிருந்தது. கை கில்பற்றிக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1938 ஆம் ஆண்டு அதுபற்றித் தனிநூலே எழுதினார். துமா இவ்வேட்டையில் பெயர் பெற்றவர். போருக்குப் பின்னர் ஈட்டித் துப்பாக்கிகளும் துடுப்புக் காலணிகளும் மலிந்தன. கடலடிப் பாறைகளின் பெருமீன்கள் சில பத்தாண்டுகளிலேயே அருகின.

இவ்வேட்டைக்குப் பெரிதும் இரையானது மெரு எனப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் கலவாய் மீன் ஆகும். ஒரு மீற்றருக்கு மேல் வளரும் இம்மீன் ஐம்பதாண்டு வரை வாழவல்லது. தனக்கென ஒரு பாறைப் பொந்தைக் கொண்டு அதனை விட்டகலாது வாழும். புதியது எதனையும் கண்டால் வெளிவந்து உற்றுநோக்கும். அவ்வியல்பே ஈட்டிக்காரனுக்கு வாய்ப்பாயிற்று. இவ்வினத்தின் மீன்கள் முதலிற் பெண்ணாக முதிர்ந்து, பத்தாண்டுக்கு மேற்பட்ட பருவத்தில் ஆணாக மாறுவன. எனவே பெரிய மீனையே தேடிக் குத்தும் வேட்டைக்காரன், தான் அறியாமலே ஆண் மீன்களை அழித்து இனப்பெருக்கத்தின் வேரையே வெட்டினான்.

அக்கால மனப்பாங்கை அறியக் கூஸ்தோவும் லூயி மாலும் இயக்கிய ‘மௌன உலகம்’ என்ற திரைப்படம் சான்றாகும். 1956 ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் உயர் பரிசைப் பெற்ற அப்படம் கடலின் எழிலை உலகுக்குக் காட்டியது. அதே படத்தில் மீன்களைக் கணக்கெடுப்பதற்கென முருகைக்கற் பாறையில் வெடிவைக்கும் காட்சியும், சுறாக்களைக் கொன்று குவிக்கும் காட்சியும் உண்டு. பிற்காலத்தில் கடற்பாதுகாப்பின் குரலாக விளங்கிய ஒருவரே அதனை இயக்கினார் என்பது முரணாகத் தோன்றலாம். எனினும் ஒரு தலைமுறையின் மனமாற்றம் எத்துணைத் தொலைவு கடந்து வந்தது என்பதை அளக்க அதுவே சிறந்த அளவுகோலாகும்.

போர்க்குரோ: காவலின் தொடக்கம்

தூலோன் துறைமுகத்துக்குக் கிழக்கே அமைந்த இயேர்த் தீவுகள் மூன்றனுள் போர்க்குரோ ஒன்று. ஏறத்தாழ ஏழு சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மார்செல் ஹென்றி, மார்செலின் ஹென்றி தம்பதியினர் அத்தீவின் பெரும்பகுதிக்கு உரிமையாளராய் இருந்து, கட்டிட முதலாளிகளின் கைக்கு அது போகாவண்ணம் காத்து, காவல் நிபந்தனையுடன் அரசுக்கு வழங்கினர். 1960 ஆம் ஆண்டின் தேசிய பூங்காச் சட்டத்தின்கீழ் 1963 டிசெம்பர் 14 ஆம் திகதி அது தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. கரையிலிருந்து 600 மீற்றர் வரையுள்ள கடலும் அதனுள் அடக்கப்பட்டமையே அதன் தனிச்சிறப்பு. ஐரோப்பாவில் கடலைத் தன்னுட்கொண்ட முதற் தேசிய பூங்கா என அது போற்றப்படுகின்றது. அதன்பின் 1974 இல் பிரான்சின் செர்பேர்-பனியூல்ஸ் ஒதுக்கும், 1986 இல் இத்தாலியின் உஸ்திக்கா ஒதுக்கும் தோன்றின.

போர்க்குரோவில் ஈட்டி வேட்டை முற்றாக விலக்கப்பட்டது. ஆயினும் கடல் மனிதனுக்கு மூடப்படவில்லை. சிறு வலைகளைக் கொண்டு தொழில் செய்யும் கடற்றொழிலாளர் விதிகளுக்கு அமைய அங்குத் தொழில் செய்ய இடமளிக்கப்பட்டனர். சுழியோடியும் வரலாம், ஆனால் வெறுங்கையுடன் வரவேண்டும்.

இவ்வெறுங்கையே புதிய அறிவுக்கு வழிவகுத்தது. ஈட்டியைக் கைவிட்ட சுழியோடி எழுதுபலகையை ஏந்தினான். 1993 ஆம் ஆண்டளவில் போர்க்குரோவில் எண்ணப்பட்ட கலவாய் மீன்கள் நூற்றுக்கும் குறைவு. அதே ஆண்டில் பிரான்சின் மத்தியதரைக் கரையில் அம்மீனை ஈட்டியாற் குத்துதல் தடைசெய்யப்பட்டது. அத்தடை பின்னர் தொடர்ந்து நீடிக்கப்பட்டது. புதிய நூற்றாண்டின் முதற் பத்தாண்டினுள் அவற்றின் தொகை நானூறைக் கடந்தது. இம்மீட்சிக்குப் பூங்காவின் காவலும் பொதுத் தடையும் மட்டுமன்றி, நீர் சற்று வெப்பமடைந்து இனப்பெருக்கத்துக்கு உதவியமையும் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதுவர். ஆகவே முழுப்பெருமையையும் வேலிக்கே அளித்தல் பொருந்தாது. வேலியின்றி இது நிகழ்ந்திருக்கும் எனக் கூறலும் பொருந்தாது.

கண்ணுக்கு எளிதிற் புலப்படாத மற்றொரு செல்வமும் அங்குக் காக்கப்பட்டது. பொசிடோனியா என்ற கடற்புல் மத்தியதரைக்கடலுக்கே உரியது. பாசியினத்தைச் சாராது, பூத்துக் காய்க்கும் தாவரம் அது. அதன் மெத்தை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சதமமீற்றரே உயர்கின்றது. உல்லாசப் படகொன்றின் நங்கூரம் ஒரு நொடியில் கிழித்தெறிவதை ஆக்கப் பல தலைமுறைகள் வேண்டும். நங்கூரமிடுதலை வரையறுத்து மிதவைகளை அமைத்த விதியின் பொருள் இதனால் விளங்கும்.

மெடஸ்: காண்போரின் பெருக்கம்

கற்றலோனியாவின் லெஸ்தார்த்தித் ஊருக்கு எதிரேயுள்ள மெடஸ் தீவுகளின் வரலாறு வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. செம்பவளம் எடுப்போரும் ஈட்டி வேட்டைக்காரரும் அத்தீவுகளின் பாறைகளை வெறுமையாக்கிய நிலையில், 1983 ஆம் ஆண்டு கற்றலோனிய அரசு அங்கு மீன்பிடியையும் பவளம் எடுத்தலையும் தடைசெய்தது. 1990 இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2010 இல் அது பெரியதோர் இயற்கைப் பூங்காவின் பகுதியாயிற்று. மீன்கள் பெருகின. அவற்றைக் காண ஐரோப்பாவெங்கணுமிருந்து சுழியோடிகள் திரண்டனர்.

விளைவை 1996 இல் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. பாறைகளில் மெல்லிய ஓடுபோல் வளரும் பென்ரப்போரா என்ற பாசிவிலங்கின் கூட்டங்கள், சுழியோடிகள் மிகுதியாகச் செல்லும் இடங்களில் எண்ணிக்கையிற் குன்றியும் உருவிற் சிறுத்தும் பாறை இடுக்குகளில் ஒதுங்கியும் காணப்பட்டன. எவரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. துடுப்புக் காலணியின் ஓர் உதைப்பு, தடுமாறிப் பற்றிய ஒரு கை, இவை ஆயிரக்கணக்கிற் பெருகியபோது வேட்டைக்குச் சமமாயின. அதனால் நாளொன்றுக்கு இறங்குவோரின் தொகை வரையறுக்கப்பட்டது.

இங்கு ஒரு சமூக வினா எழுதல் இயல்பே. தலைமுறை தலைமுறையாக வலைவீசிய கடற்றொழிலாளி விலக்கப்பட்ட நீரில், ஓய்வும் பணமும் படைத்த உல்லாசப் பிரயாணி இறங்குவது நீதியாகுமா? காவலுக்குட்பட்ட நீரிற் பெருகும் மீன்கள் எல்லை கடந்து அயல்நீருக்கும் பரவுகின்றன. அதனாற் கடற்றொழிலாளரும் நன்மை பெறுவர் என்பது ஒரு விடை. அது பல இடங்களில் உண்மையென நிறுவப்பட்டுள்ளது. எனினும் நன்மை நாளை வரும், இழப்போ இன்றே வரும் என்ற நிலையில் இவ்விடை மட்டும் போதுமானதன்று. சிறு வலைக்காரரைப் புறந்தள்ளாது விதிகளுக்குள் பங்காளியாக்கிய போர்க்குரோவின் முறை இவ்வகையில் மேலானதெனலாம். அக்கடலை அழித்தது சிறு வலை அன்று. அளவறியாத வேட்டையும் இழுவலையும் பெருங்கட்டிடங்களுமே. குற்றம் யாருடையதோ அவர்மீதே காவலின் சுமையும் முதலில் விழவேண்டும்.

வேலிக்கு அப்பால்

1999 ஆம் ஆண்டின் கோடையில் புரோவென்சு, லிகூரியக் கரைகளில் நீர் வழக்கத்துக்கு மீறி வெப்பமடைந்தது. கடல்விசிறிகளும் பவளங்களும் பஞ்சுயிர்களும் பெருந்தொகையில் மடிந்தன. 2003 இலும் 2022 இலும் அத்தகைய அழிவு மீண்டும் நேர்ந்தது. வெப்பம் ஒதுக்கின் எல்லையை அறியாது. 600 மீற்றர் என்ற வரை அதற்கு வெறும் தாளில் இட்ட கோடே. ஈட்டியையும் நங்கூரத்தையும் தடுக்கவல்ல சட்டம், தொலைநகரங்களின் புகைபோக்கிகளிலிருந்து எழும் கேட்டைத் தடுக்க இயலாது நிற்கின்றது.

அவ்வாறாயின் ஒதுக்குகள் பயனற்றவையா? அன்று. அழிவு நேர்ந்ததென அறிந்தமைக்கே அவை காரணமாயின. ஆண்டுதோறும் ஒரே பாறையில் இறங்கி எண்ணியவர் இருந்தமையினாலேயே, இருந்தது எது, இழந்தது எது என்பதை உலகு அறிந்தது. எண்ணாத கடலில் மரணமும் மறைபொருளாகவே போய்விடும்.

எண்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. மூச்சு விதித்த எல்லையைக் கருவி நீக்கியது. இயற்கை இட்ட எல்லை நீங்கியபின், மனிதன் தானே தனக்கு எல்லை இடவேண்டியவனானான். கருவி நல்லதுமன்று, தீயதுமன்று. அது ஏந்திய கைக்கு ஏற்ப ஈட்டிக்கும் துணைநின்றது, எழுதுபலகைக்கும் துணைநின்றது. போர்க்குரோவின் பொந்துகளில் இன்று வாழும் கலவாய் மீன், சுழியோடியைக் கண்டு மீண்டும் வெளிவந்து உற்றுநோக்குகின்றது. ஒரு காலத்தில் அதனைக் கொன்ற அவ்வியல்பு அழியாது நிலைத்திருக்க இடமளித்தமையே அத்தீவு ஈட்டிய பெரும்பேறு எனலாம். அந்த நம்பிக்கைக்கு மனித இனம் உரியதாக நிலைக்குமா என்பது, வருங்காலத் தலைமுறையின் செயலிலேயே தங்கியுள்ளது.