ஒரே பனங்காய், இரண்டு கைகள்: பின்னல் வேலையில் எது நகல், எது தற்செயல்?

கடந்த வருடம் ஆவணி மாதம் வாடிக்கையாளர் ஒருவர் எனது வட்ஸ்அப்புக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கறுப்பு நூலில் குரோஷே பின்னிய சிறிய பனங்காய். மேலே மண்ணிற இதழ்கள், திறப்புக் கோர்க்க ஒரு வளையம். படத்துக்குக் கீழே ஒரு வரி: "அக்கா, உங்கட டிசைனை மன்னாரில ஒரு பிள்ளை விக்குது."

அந்தப் பனங்காயின் பின்னல் குறிப்பை நான் ஆனி மாதத்தில்தான் எழுதி வெளியிட்டிருந்தேன். எத்தனையோ இரவுகள் பின்னிப் பிரித்து, மீண்டும் பின்னி எழுதியது. கோபத்தில் அன்று மாலையே அந்தப் படத்தை முகநூலில் போட்டு, "உழைப்பைத் திருடுகிறார்கள்" என்று எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் படம் போதுமானதாக இருந்தது. விடிவதற்குள் பலர் அந்தப் பிள்ளையின் பக்கத்தைத் தேடிப் போய்த் திட்டியிருந்தார்கள். இரண்டு பேர் அவளிடம் கொடுத்திருந்த ஓடர்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

மறுநாள் அவளிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, நான் உங்கட குறிப்பைக் காணவே இல்லை. இதைப் பாருங்கோ." கூடவே சி.ஆர். கொப்பியின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். சுற்று சுற்றாகக் கண்ணி எண்ணிக்கைகள், ஓரத்தில் ஒரு பனங்காயின் பென்சில் படம், மேலே திகதி. சித்திரை மாதம். எனக்கு இரண்டு மாதம் முந்தியவள் அவள். நான் அவளுக்கு வைத்த அளவுகோலை எனக்கு வைத்தால், திருடி நான்தான்.

நான் அவளுடையதைப் பார்த்ததில்லை. அவள் என்னுடையதைப் பார்த்ததில்லை. பிறகு எப்படி எண்ணிக்கைகள் ஒன்றாக வந்தன? அந்தக் கேள்விக்கு விடை தேடி நான் அறிந்துகொண்டவையே இக்கட்டுரை. வீட்டிலிருந்து கைவேலை செய்து விற்கும் பெண்கள் பலருக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

கணக்கு செய்யும் வேலை

குரோஷேயில் ஒரு தட்டையான வட்டம் பின்ன வேண்டுமானால் டபுள் குரோஷே கண்ணிகள் 6 உடன் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் 6 கண்ணி கூட்டுவோம்: 6, 12, 18, 24, 30, 36. இதை யாரும் விரும்பித் தெரிவுசெய்வதில்லை. வட்டத்தின் ஆரம் ஒரு அலகு கூடினால் சுற்றளவு ஏறத்தாழ 6.28 அலகு கூட வேண்டும். டபுள் குரோஷே கண்ணி ஒன்றின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதால், சுற்றுக்கு 6 கண்ணி தேவைப்படுகிறது. குறைவாகக் கூட்டினால் வட்டம் கிண்ணம்போலக் குழியும்; அதிகமாகக் கூட்டினால் ஓரம் அலையலையாக நெளியும். ட்ரெபிள் கண்ணி அதைப்போல இரண்டு மடங்கு உயரமானது. அதனால் அதற்குச் சுற்றுக்கு 12.

பந்துக்கும் இதே கணக்குத்தான். நடுவில் 36 கண்ணி உள்ள ஒரு பந்தின் மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரையான தூரம் அதன் சுற்றளவில் பாதி, அதாவது ஏறத்தாழ 18 சுற்று. 6 சுற்றுக் கூட்டி, 6 சுற்று நேராகப் பின்னி, மிகுதியில் குறைத்து மூட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பின்னினாலும் மன்னாரில் பின்னினாலும், ஒரு திறப்புக்கோர்வைக்கு ஏற்ற அளவில் உருண்டையாகப் பின்னினால் இந்த எண்களுக்கு மிக அருகில்தான் வந்து நிற்போம். என்னுடைய பனங்காயும் அவளுடையதும் 36 கண்ணிப் பந்துகள். அவ்வளவுதான்.

ஓரம் நெளிவதற்கும் கணக்கு உண்டு. லத்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டைனா டைமினா, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1997இல், ஒரே விகிதத்தில் கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போய், அதிபரவளைவுத் தளம் எனப்படும் கணித வடிவத்தை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கும்படி பின்னிக் காட்டினார். அந்தப் பின்னல்கள் பவளப்பாறைகளின் மடிப்புகளைப்போல இருந்தன. அந்த விகிதத்தைப் பிடிக்கும் எந்தக் கைக்கும் அதே மடிப்புகள் வரும்.

பழைய வடிவங்கள், பழைய கடன்கள்

அச்சில் கிடைத்திருக்கும் மிகப் பழைய குரோஷே குறிப்புகள் நெதர்லாந்தின் 'பெனலோப்பே' என்ற சஞ்சிகையில் 1820களில் வந்தவை. இன்று உலகெங்கும் போர்வைகளில் காணப்படும் 'கிரானி ஸ்குவேர்' என்ற சதுரம், 1885இல் அமெரிக்காவின் 'பிரெய்ரி ஃபார்மர்' என்ற விவசாயப் பத்திரிகையில் வெளிவந்தது. அதைக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று ட்ரெபிள் ஒரு கூட்டம், மூலையில் இரண்டு கூட்டம் என்ற அந்த எளிய ஒழுங்கைப் பல கைகள் தனித்தனியே கண்டடைந்திருக்கவும் கூடும்.

1840களின் பெரும் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்களுக்குச் சோறு போட்டது குரோஷே ரேந்தை. அங்கே குடும்பங்கள் தமக்கெனச் சில உருக்களை வைத்து, பிறர் பார்க்காதவாறு காத்தன என்று சொல்லப்படுகிறது. வயிற்றுப்பாடு அதில் தங்கியிருந்ததால் அந்தப் பயம் நியாயமானது. ஆயினும் அவர்கள் பின்னியவற்றில் பெரும்பகுதி ரோஜாவும், இலையும், மூவிலைக் கிளாவருமே. வாசலில் ஒரே செடியைப் பார்ப்பவர்கள் ஒரே பூவைத்தானே பின்னுவார்கள்?

எங்கள் வீட்டுக் கதிரைகளின் சாய்வில் அம்மா போட்டிருந்த அன்னாசி வடிவ விரிப்பு, கிழிந்துபோன ஒரு ஆங்கிலச் சஞ்சிகைப் பக்கத்தைப் பார்த்துப் பின்னியது. 'ரேந்தை' என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டதுதான்.

மறந்துபோன நினைவு

தற்செயலுக்கும் திருட்டுக்கும் இடையில் இன்னொன்று இருக்கிறது. முன்பு எங்கோ பார்த்ததை மறந்துவிட்டு, பின்னர் அது தன் கற்பனை என்று நம்புவது. பாடகர் ஜோர்ஜ் ஹரிசனின் 'மை ஸ்வீட் லோர்ட்' பாடல், 'ஹீஸ் சோ ஃபைன்' என்ற முந்தைய பாடலின் மெட்டைக் கொண்டிருப்பதாக அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது. 1976இல் நீதிபதி, ஹரிசன் வேண்டுமென்று எடுக்கவில்லை, ஆனால் ஆழ்மனம் எடுத்திருக்கிறது என்று தீர்த்தார். அது பதிப்புரிமை மீறலாகவே கொள்ளப்பட்டது.

தொலைபேசியில் ஒரு நாளைக்கு நூறு பின்னல் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் எங்களுக்கு இது பெரிய எச்சரிக்கை. "நான் பார்க்கவில்லை" என்று சொல்வதற்கு முன் "எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொல்வதே நேர்மையாக இருக்கும்.

சட்டம் எதைக் காக்கிறது?

இலங்கையில் இவ்விடயம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. நீங்கள் எழுதிய குறிப்பின் சொற்கள், எடுத்த படங்கள், வரைந்த வரைபடங்கள் ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. அதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் எண்ணம், செய்முறை, முறைமை என்பவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆகவே என் குறிப்பைப் பிரதிசெய்து விற்றால் அது மீறல். 'பனங்காய் பின்னலாம்' என்ற யோசனைக்கும் 6, 12, 18 என்ற வரிசைக்கும் நான் உரிமை கோர முடியாது. பதிப்புரிமை மீறலுக்கு நகலெடுத்தல் நடந்திருக்க வேண்டும். இருவர் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்வது மீறல் அல்ல.

பொருளின் புதிய தோற்றத்தைக் காக்க வேண்டுமானால் தேசிய புலமைச் சொத்துப் பணியகத்தில் கைத்தொழில் வடிவமைப்பாகப் பதிவுசெய்யலாம். அந்தப் பாதுகாப்பு 5 வருடங்களுக்கு. மேலும் இரண்டு தடவை ஐந்தைந்து வருடங்களுக்குப் புதுப்பிக்கலாம். இங்கே விதி வேறு. பதிவான வடிவத்தை இன்னொருவர் தானாகவே கண்டுபிடித்தேன் என்று சொல்லி விற்க முடியாது. ஒரு திறப்புக்கோர்வைக்காக அந்தச் செலவையும் அலைச்சலையும் ஏற்பது பெறுமதியா என்பதை அவரவர் யோசிக்க வேண்டும்.

எங்கே பார்க்க வேண்டும்?

இரண்டு பின்னல்கள் ஒத்திருக்கும்போது, கணக்கு கட்டாயப்படுத்திய இடங்களை ஒதுக்கிவிட்டு, பின்னியவர் சுதந்திரமாகத் தெரிவுசெய்த இடங்களைப் பார்க்க வேண்டும். நான் அன்று செய்யாதது அதுதான். என் பனங்காயின் இதழ்கள் மூன்று. தனித்தனியே பின்னித் தைத்தவை. அவளுடையவை ஆறு, ஒரே வளையத்திலிருந்து பிரிந்து வருபவை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அந்த மாலையே தெரிந்திருக்கும்.

இரண்டாவது, பிழைகள். என் குறிப்பின் 14ஆம் சுற்றில் 24 என்று இருக்க வேண்டிய இடத்தில் 26 என்று தவறாக எழுதியிருந்தேன். அந்தப் பிழை இன்னொருவர் குறிப்பில் அப்படியே இருந்தால் அது வலுவான சாட்சி. அவளுடைய கொப்பியில் 24 என்று சரியாக இருந்தது. மூன்றாவது, சொற்கள். பிரித்தானியக் குறிப்புகள் டபுள் குரோஷே என்பதை அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பார்கள். சொல் வேறாக இருப்பதால் வேலை வேறு என்றோ, சொல் ஒன்றாக இருப்பதால் வேலை ஒன்று என்றோ முடிவுகட்டக் கூடாது. ஆனால் விளக்க வசனங்கள் வரிக்கு வரி ஒன்றாக இருந்தால் கேள்வி கேட்கலாம்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் பழக்கங்கள் சில. ஒவ்வொரு வேலைக்கும் கொப்பியில் திகதி போட்டு, சரிவராமல் பிரித்த முயற்சிகளையும் எழுதிவைக்கிறேன். பாதி வேலையில் படம் எடுக்கிறேன். வெளியிடுவதற்கு முன் அதே பொருளை வேறு யாரும் செய்திருக்கிறார்களா என்று தேடுகிறேன். இருந்தால், "இதைப் போன்றது இன்னாரிடமும் உண்டு" என்று எழுதிவிடுகிறேன். எங்கிருந்தாவது ஒரு நுட்பத்தைக் கற்றிருந்தால் அதையும் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, சந்தேகம் வந்தால் முதலில் அவரிடமே தனியாகக் கேட்கிறேன்: "தங்கச்சி, இதை எப்படிச் செய்தனீங்கள்?"

இதனால் திருட்டே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. காசு கொடுத்து வாங்கிய குறிப்பைக் குழுக்களில் இலவசமாகப் பகிர்வதும், பிறர் எடுத்த படத்தைப் போட்டு ஓடர் எடுப்பதும் அடிக்கடி நடக்கின்றன. உண்மையான திருட்டை நாங்கள் சொல்லும்போது பிறர் நம்ப வேண்டுமானால், பொய்யான குற்றச்சாட்டுகளைக் குறைக்க வேண்டும்.

நான் அந்தப் பதிவை நீக்கிவிட்டு, அதே பக்கத்தில் என் தவறை எழுதி மன்னிப்புக் கேட்டேன். முதல் பதிவைப் பகிர்ந்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இரண்டாவதைப் பகிரவில்லை. ஓடரைத் திரும்பப் பெற்ற இருவரில் ஒருவர் அவளிடம் மீண்டும் போனார். மற்றவர் போகவில்லை. இப்போது யாராவது ஆறு இதழ்ப் பனங்காய் கேட்டால் நான் அவளுடைய இலக்கத்தைக் கொடுக்கிறேன். மூன்று இதழ் கேட்பவர்களை அவள் என்னிடம் அனுப்புகிறாள்.