மூலக்கொத்தளம்: ஓர் இடத்தின் வழியே சமூகவியல் அறிமுகம்

மூலக்கொத்தளம் வடசென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் ஆகியவற்றுக்கு அருகே அமைந்துள்ள பகுதி. மனிதர்கள் குழுக்களாக வாழும் முறை, அவர்களுக்கிடையே உள்ள அதிகாரம், ஏற்றத்தாழ்வு, வழக்கங்கள் ஆகியவற்றை ஆராயும் துறை சமூகவியல். இத்துறைக்குப் புதிதாக வரும் உயர்நிலைப் பள்ளி மாணவர், இதன் அடிப்படைக் கேள்விகளை மூலக்கொத்தளத்தின் பெயர், இடுகாடு, குடியிருப்பு ஆகிய மூன்றைக் கொண்டே கற்றுக்கொள்ளலாம்.

பெயர்

கொத்தளம் என்பது கோட்டை மதிலிலிருந்து வெளியே நீண்டிருக்கும் காவல் அரண். 1758-59இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபின், புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே இந்தியர்கள் மிகுதியாக வாழ்ந்த நகரைச் சுற்றி ஆங்கிலேயர் மதில் எழுப்பினர். அந்நகருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘பிளாக் டவுன்’, அதாவது கறுப்பர் நகரம். மதில் செலவை மக்களிடம் வரியாகப் பெறும் எண்ணத்தின் நினைவாகவே ‘வால்டாக்ஸ் சாலை’ என்ற பெயர் வந்தது. இன்று அது வ. உ. சி. சாலை. ஆனாலும் பழைய பெயர் மக்கள் பேச்சிலிருந்து மறையவில்லை.

பெயர்கள் தாமாகத் தோன்றுவதில்லை. யாரோ வைக்கிறார்கள், மற்றவர்கள் ஏற்கிறார்கள் அல்லது மாற்றுகிறார்கள். மதிலுக்குள் யார், வெளியே யார், செலவு யாருடையது என்று கேட்கும்போது இடப்பெயர் ஒரு சமூகச் சான்றாகிவிடுகிறது.

இடுகாடு

1938 ஏப்ரலில் சி. இராசகோபாலாச்சாரி தலைமையிலான சென்னை மாகாண அரசு, 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. இதை எதிர்த்து மறியல் செய்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர். சென்னையைச் சேர்ந்த ஆதிதிராவிடரான நடராசன் 1939 சனவரி 15இல் இறந்தார். கும்பகோணத்தைச் சேர்ந்த தாளமுத்து அதே ஆண்டு மார்ச்சு மாதம் இறந்தார். இருவரும் மூலக்கொத்தளம் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டனர். போராட்டத்தில் சிறை சென்ற மருத்துவர் தருமாம்பாளின் நினைவிடமும் இங்கே உள்ளது. கட்டாய இந்தி 1940 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது.

இறப்புக்கு நோயே காரணம் என்றது அரசு. சிறைவாசமே காரணம் என்றனர் போராட்டக்காரர்கள். ஒரே நிகழ்வை இரு தரப்பும் இரு விதமாகச் சொல்லும்போது, ஒவ்வொரு தரப்பும் எந்த இடத்தில் நின்று பேசுகிறது, அதற்கு என்ன சான்று காட்டுகிறது என்று பார்ப்பது சமூகவியலின் முறை. எளிய குடும்பங்களில் பிறந்த இரு இளைஞர்கள் எவ்வாறு ஓர் இயக்கத்தின் அடையாளங்களாயினர் என்பதும் இங்கே எழும் கேள்வி. இன்று எழும்பூரில் உள்ள சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமக் கட்டடம் ‘தாளமுத்து நடராசன் மாளிகை’ எனப்படுகிறது.

குடியிருப்பு

இடுகாட்டு நிலத்தின் ஒரு பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் திட்டத்துக்கு 2017இல் எதிர்ப்பு எழுந்தது. முன்னோர் புதைந்த இடம், மொழிப்போர் ஈகியரின் நினைவிடம் என்பன எதிர்த்தவர்களின் வாதங்கள். மறுபக்கம் வீட்டுத் தேவையும் உண்மையானது. நகரின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பல, தெற்கே கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற தொலைவான இடங்களில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுக்கு வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் எட்டாத தூரமாயின. எனவே துறைமுகத்துக்கும் சந்தைக்கும் அருகே ஒரு வீடு கிடைப்பது சிறிய செய்தியன்று.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் வெளியிட்ட நூலில், தனிமனிதத் துன்பத்தையும் பொதுப் பிரச்சினையையும் வேறுபடுத்தினார். ஒரு குடும்பத்துக்கு வீடில்லை என்பது அக்குடும்பத்தின் துன்பம். ஒரு நகரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடில்லை என்றால், காரணத்தை அக்குடும்பங்களிடம் தேடிப் பயனில்லை. நிலம், கூலி, அரசின் திட்டம் ஆகியவற்றிலேயே தேட வேண்டும். மூலக்கொத்தளத்தில் இறந்தோரின் நினைவும் வாழ்வோரின் தேவையும் ஒரே நிலத்தைக் கேட்டன. இரண்டுமே எளிய மக்களின் கோரிக்கைகள். ஏழைகளின் வீட்டுக்கு வேறு நிலம் ஏன் கிடைக்கவில்லை என்பதே பொதுப் பிரச்சினை.

மாணவர் செய்யத்தக்கது

மாணவரைக் கொண்டு சமூகத்தை ஆராய்வது தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலவுடைமை, கூலி, கடன், சாதி பற்றிய விவரங்களைத் திரட்டச் செய்தார். அவை 1918இல் நூலாக வெளிவந்தன. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு அவற்றுள் ஒன்று. அக்கிராமங்கள் பின்னாளில் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டதால், கிராம வாழ்வில் நேர்ந்த மாற்றங்களை ஒப்பிட முடிந்தது.

பள்ளி மாணவரும் தம் தெருவில் இதைச் சிறிய அளவில் செய்யலாம். தெருப்பெயரின் வரலாறு, குடும்பங்கள் வந்து சேர்ந்த ஆண்டு, தாத்தா பாட்டி பார்த்த வேலை, பெற்றோர் பார்க்கும் வேலை ஆகியவற்றைக் கேட்டுக் குறிக்கலாம். சொல்பவரின் இசைவைப் பெறுவதும், அவர் விரும்பாவிடில் பெயரை மறைப்பதும் ஆய்வின் நெறி. பத்து வீடுகளின் விடைகளை அருகருகே வைத்தால், ஒவ்வொரு வீட்டிலும் விதி என்று சொல்லப்பட்ட ஒன்று பல வீடுகளுக்கும் பொதுவாக இருப்பது தெரியவரும். சமூகவியல் பாடம் அங்கிருந்து தொடங்குகிறது.