வட்டமும் கையும்

தலைக்கு ஒரு வட்டம், காதுகளுக்கு இரண்டு, உடம்புக்கு ஒன்று; கைகால்கள் ரப்பர்க் குழாய். மிக்கி மவுஸ் அவ்வளவுதான். ஓவியமே வராத நான் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நாலு முறை வரைந்து காட்டினேன். நாலு முறையும் அதே எலி. அப்பத்தான் உறைத்தது: யார் வரைந்தாலும் ஒரே மாதிரி வருகிற உருவம் யாருக்குத் தேவைப்பட்டது? வட்டத்துல என்னய்யா அரசியல் என்று நண்பர்கள் கேட்கலாம். வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம்.

1914இல் வின்சர் மெக்கே தன் டைனோசர் ‘கெர்ட்டி’யைப் பல ஆயிரம் தாள்களில் தானே வரைந்தார், பின்னணியைப் படியெடுக்க மட்டும் ஓர் உதவியாளர். அதே ஆண்டில் எர்ல் ஹர்ட், ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளில் உருவத்தைத் தனியே தீட்டும் முறைக்குக் காப்புரிமை கோரினார். பின்னணியை ஒருமுறை வரைந்தால் போதும் என்றானது. வேலையும் துண்டுபட்டது. முக்கிய நிலைகளை வரைபவர் ஒருவர், இடைப்பட்ட அசைவுகளை நிரப்புபவர் இன்னொருவர், மை இழுப்பவர், வண்ணம் பூசுபவர் என்று ஆளுக்கொரு துண்டு.

ஒவ்வொரு கைக்கும் ஒரு கோடு உண்டு. அதை அப்படியே விட்டால் காட்சிக்குக் காட்சி பாத்திரத்தின் முகம் மாறிப்போகும். கோணங்களாக இருந்த ஃபெலிக்ஸ் பூனை 1920களில் உருண்டையானதும், 1928இல் அப் ஐவெர்க்ஸ் மிக்கியை வட்டங்களால் கட்டியதும் இந்தச் சூழலில்தான். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் மிக்கியின் காது வட்டம்தான். பிறகு ‘மாடல் ஷீட்’ வந்தது: முன், பக்க, பின் தோற்றங்கள்; உயரம் எத்தனை தலை என்ற கணக்கு. அதுதான் அந்தத் தொழிற்சாலையின் சட்டம். தன் கோட்டை மறப்பதே அங்கே திறமை.

கதை இதோட முடியலை. 1941 மே இறுதியில் டிஸ்னி ஸ்டுடியோக் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூஃபிக்கு உயிர் கொடுத்த ஆர்ட் பாபிட், சங்க வேலைக்காக வெளியேற்றப்பட்டது உடனடிக் காரணம். மை இழுத்த, வண்ணம் பூசிய பெண்களும் வாசலில் நின்றார்கள். அவர்கள் ஏந்திய அட்டைகளில் அதே டிஸ்னி பாத்திரங்கள்! எந்தக் கையும் வரையும்படி நிர்வாகம் பழக்கிய உருவம், அந்தக் கைகளின் முழக்கமாக வெளியே வந்தது. அந்த ஆண்டே சங்கத்தை நிர்வாகம் அங்கீகரிக்க வேண்டியதாயிற்று.

2024 ஜனவரி 1இல், ‘ஸ்டீம்போட் வில்லி’யின் எலி அமெரிக்காவில் பொதுச்சொத்தானது. எலிக்கு விடுதலை கிடைத்துவிட்டது, சரி. வட்டத்துக்குள் மறைந்த கைகளுக்கு? குழந்தைக்கு ஐந்தாவது எலியைப் போடும்போது இந்தக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும்.