செயலில் வாழும் நம்பிக்கை: அருளாளர் ஓசானாம் நடந்த வழி



அன்பியக் கூட்டங்களில் அடிக்கடி எழும் ஒரு கேள்வி உண்டு. "சாமி, தினமும் பூசைக்கு வருவது பெரிதா, இல்லாதவருக்கு உதவுவது பெரிதா?" கேட்பவர் பெரும்பாலும் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார். கோவிலுக்கு அதிகம் வராதவர் உதவிதான் பெரிது என்பார். முன்வரிசையில் அமர்பவர் திருப்பலிதான் பெரிது என்பார். இருவரும் தத்தம் வசதிக்கு ஏற்ற பாதியை எடுத்துக்கொள்கிறோம் என்பதுதான் உண்மை. இதில் குருக்களாகிய நாங்களும் அடக்கம்.

தூய யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இதைப் பற்றித் தெளிவாகவே எழுதியிருக்கிறார் (யாக் 2:14-17). உடுக்க உடையும் உண்ண உணவும் இன்றி நிற்கும் சகோதரனை வெறும் வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் அந்த நம்பிக்கைக்கு உயிர் இல்லை என்பது அவர் கருத்து. தூய பவுலோ, நாம் இறைவனுக்கு ஏற்புடையவர் ஆவது நம்பிக்கையினால் என்கிறார். இருவருமே ஆபிரகாமைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். அதனால் இருவரும் மோதுகிறார்கள் என்று எண்ணியவர்கள் உண்டு. ஆனால் பவுலே கலாத்தியருக்கு எழுதும்போது, அன்பின் வழியாகச் செயல்படும் நம்பிக்கையைப் பற்றித்தான் பேசுகிறார் (கலா 5:6). திரிதெந்து பொதுச்சங்கம் 1547-இல் இதைப் பற்றி விரிவாகப் போதித்தது. கத்தோலிக்கத் திருஅவையும் லூத்தரன் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இது பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. இறையியல் சர்ச்சையை இத்துடன் விட்டுவிடுவோம். இதை வாழ்ந்து காட்டிய ஒருவரைப் பார்ப்பதே நமக்கு அதிகம் பயன் தரும்.

பிரடெரிக் ஓசானாம் 1813 ஏப்ரல் 23 அன்று மிலான் நகரில் பிறந்து, பிரான்சின் லியோன் நகரில் வளர்ந்தவர். 1831-இல் சட்டம் படிக்கப் பாரீசுக்கு வந்தார். அங்கே அவருக்கு இடம் தந்தவர் அறிவியலாளர் ஆம்பியர். மின்னோட்டத்தை அளக்க நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்களே, அந்த ஆம்பியர்தான். ஒருநாள் மனம் சோர்ந்து கோவிலுக்குள் நுழைந்த ஓசானாம், அந்தப் பேரறிஞர் ஒரு மூலையில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வதைக் கண்டு திடம் பெற்றார் என்று சொல்வார்கள்.

அது பாரீசுக்குக் கொடிய காலம். 1832-இல் வந்த காலரா அந்த ஒரு நகரில் மட்டும் 18,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. மாணவர்களோ ஒரு சங்கம் அமைத்து வரலாறும் தத்துவமும் விவாதித்துக் கொண்டிருந்தார்கள். ஓசானாம் திருஅவையின் பெருமைகளை எடுத்துச் சொல்வதில் வல்லவர். அங்கேதான் நம்பிக்கையற்ற மாணவர் ஒருவர் அவரை மடக்கினார். கிறிஸ்தவம் பழைய காலத்தில் நன்மை செய்தது சரி, இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதே அவர் கேட்டதன் சாரம். ஓசானாமிடம் பதில் இல்லை. இன்னொரு சொற்பொழிவு தயாரித்திருக்கலாம். நாமாக இருந்தால் அதைத்தான் செய்திருப்போம். அவரோ ஒரு தோழரை அழைத்துக்கொண்டு, குளிர்காலத்துக்கென்று தங்களிடம் மிஞ்சியிருந்த விறகை எடுத்துப்போய் ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்தார் என்று கூறப்படுகிறது.

1833 ஏப்ரல் 23 அன்று, அவருக்கு இருபது வயது நிறைந்த அதே நாளில், ஆறு மாணவர்களும் எம்மானுவேல் பெயி என்ற பத்திரிகையாசிரியரும் கூடினார்கள். நம் பங்குகளில் இன்றும் இயங்கும் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் தொடக்கம் அதுவே. முதல் தலைவர் பெயி. ஓசானாம் கடைசி வரை அச்சபையின் பொதுத்தலைவர் ஆகவில்லை. பொறுப்பு கிடைக்கவில்லை என்று பக்தசபையை விட்டு விலகுகிறவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்!

ஆர்வம் இருந்தது. ஆனால் ஏழைகளிடம் எப்படிப் போவது என்று அந்த இளைஞர்களுக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொடுத்தவர் அருள்சகோதரி ரோசலி ரெண்டூ. பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்த இவர், முஃப்தார் என்னும் ஏழ்மையான பகுதியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்தவர். எந்த வீட்டுக்குப் போவது என்று பட்டியல் தந்தார். கையில் கொடுத்தனுப்ப உணவுச் சீட்டுகளும் தந்தார். ஏழையின் வீட்டில் உட்கார வேண்டும், பொறுமையாகக் கேட்க வேண்டும், கண்டிக்க அவசரப்படக் கூடாது என்று பழக்கினார். இச்சகோதரியின் சபையை 1633-இல் தூய லூயிஸ் தெ மரியாக்குடன் சேர்ந்து நிறுவிய தூய வின்சென்ட், செபநேரத்தில் ஓர் ஏழை கதவைத் தட்டினால் எழுந்து போங்கள், அது கடவுளை விட்டுக் கடவுளிடமே போவதாகும் என்ற பொருளில் கற்பித்திருந்தார். ரோசலியும் தெருவில் நடக்கும்போதுதான் தமக்குச் செபம் நன்றாக வருகிறது என்று சொல்வாராம். 2003-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார்.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் சேலையும் வழங்கினோம். கோவில் முற்றத்தில் வரிசையாக நிற்கவைத்து, பெயரை ஒலிபெருக்கியில் வாசித்து, புகைப்படமும் எடுத்தோம். ஒரு வயதான அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டே வாங்கிப்போனார். விழா சிறப்பாக நடந்தது என்றுதான் அன்று நினைத்தோம். மறுவாரம் சபை உறுப்பினர் ஒருவர், "சாமி, அந்தம்மா இந்த ஞாயிறு பூசைக்கு வரலை" என்றபோதுதான் உறைத்தது. அடுத்த ஆண்டு முதல் இரண்டு இரண்டு பேராக வீடுகளுக்குப் போனோம். அந்த அம்மாவின் வீட்டில் அரிசிப் பையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "முதல்ல உக்காருங்க சாமி" என்றார். ஒரு மணி நேரம் தம் இறந்துபோன மகனைப் பற்றியே பேசினார். அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் செயலே போதும், செபம் எதற்கு என்று இதற்குப் பொருள் கொண்டுவிடக் கூடாது. ஓசானாமின் சபை ஒவ்வொரு கூட்டத்தையும் செபத்தோடும் ஞான வாசகத்தோடும் தொடங்கியது. அவர் சொர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், கணவர், ஒரு மகளின் தந்தை. அத்தனை வேலைகளுக்கு நடுவிலும் திருவிவிலிய வாசிப்பை விடவில்லை. 1848 ஜூன் கலவரத்தில் இவரும் இரு நண்பர்களும் பேராயர் அஃப்ரேயைச் சந்தித்து, இரத்தம் சிந்துவதைத் தடுக்க நடுவராகச் செல்லும்படி வேண்டினார்கள். தடுப்பரண் அருகே சென்ற பேராயர் குண்டடிபட்டு இறந்தார். நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்ற துயரத்தைத் தாங்க வெறும் சமூக ஆர்வம் போதுமா? திராட்சைக்கொடியோடு இணைந்திராத கிளையைப் பற்றி ஆண்டவர் சொன்னது (யோவா 15) சேவை செய்வோருக்கும் சேர்த்துத்தான்.

பின்னர் நோய் அவரை முடக்கியது. வீடுகளுக்குப் போக முடியாத நிலையில், விவிலியத்தில் நோயுற்றோருக்கு ஆறுதலான பகுதிகளைக் குறித்து வைத்தார். அவர் இறந்த பின் அவை தனி நூலாக வெளிவந்தன. படுக்கையில் கிடந்தும் பிறரை நினைக்க முடிந்திருக்கிறது. 1853 செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழாவன்று, நாற்பதாவது வயதில் மார்செய் நகரில் இறைவனடி சேர்ந்தார். 1997 ஆகஸ்ட் 22 அன்று, உலக இளையோர் நாளுக்காகப் பாரீஸ் வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், நோத்ரு தாம் பேராலயத்தில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கினார். அந்த எழுவர் தொடங்கிய சபை இன்று 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்திய உலக வறியோர் நாள் 2017 முதல் ஆண்டுதோறும், பொதுக்காலத்தின் 33-ஆம் ஞாயிறு அன்று வருகிறது. அதற்கு முன்னதாக, உங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு சந்திக்கப் போகும்போது ஒருமுறை கூடச் சென்று பாருங்கள். பணம் கொண்டுபோக வேண்டியதில்லை. கூட்ட முடிவில் அவர்கள் ஒரு பையைச் சுற்றிக் கொடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று எவருக்கும் தெரியாது. ஒன்றும் இல்லாதவரும் கையை உள்ளே விட்டு எடுப்பார்.