கேட்ட அலிபாபாவும் கண்ட அலிபாபாவும்

தொலைக்காட்சியில் பழைய தமிழ்ப்படம் ஒன்று ஓடத் தொடங்கினால், சேலம், நாமக்கல் பகுதி இல்லங்களில் மூத்தோர் வாயிலிருந்து முதலில் வரும் சொல், 'இது நம்மூரில் எடுத்தது' என்பதாகும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையடிவாரத்தில், மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையத்தைத் திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர். சுந்தரம் நிறுவினார். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி கற்றுத் திரும்பிய அவர், தறிகளின் நாட்டில் படச்சுருள்களை ஓட்டத் தலைப்பட்டார். 1937இல் 'சதி அகல்யா' வெளிவந்தது. அதன்பின் தமிழிலும் பிறமொழிகளிலும் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. 1963இல் சுந்தரம் மறைந்தார். அவர் மகன் சில காலம் தொழிலை நடத்தினார். பின்னர் நிலையம் மூடப்பட்டு, நிலம் கைமாறி, வீடுகள் எழுந்தன. நுழைவாயில் வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது.

ஆகவே தொலைக்காட்சி நம் இல்லங்களுக்கு வந்த காலமும் அந்நிலையம் ஓய்ந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியபோது அதன் அலை நம் சமவெளியை எட்டவில்லை. 1984ஐ ஒட்டி அஞ்சல் நிலையங்கள் நாடெங்கும் பெருகிய பின்னரே இங்குள்ள கூரைகளில் அலுமினியக் கம்பிகள் முளைத்தன. உருவங்கள் ஆடும் பெட்டியை இல்லத்துள் வைக்கலாமா என்று அந்நாளில் பள்ளிவாசல் திண்ணைகளில் நெடிய விவாதம் நடந்தது. ஆலிம்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. அவ்விவாதம் முடியுமுன்னரே பெட்டி வந்துவிட்டது. அதைப்பற்றி இங்கே தீர்ப்புரைக்க நாம் முன்வரவில்லை. வந்தபின் நிகழ்ந்த ஒன்றையே எழுத விரும்புகிறோம்.

வாரம் ஒரு தமிழ்ப்படம் ஒளிபரப்பான அக்காலத்தில், ஆடவர் கண்டது முன்னர்க் கொட்டகையில் கண்ட படத்தை. டூரிங் டாக்கீஸின் மணல் தரையில் அமர்ந்து பார்த்ததை அவர்கள் சிறிய திரையில் மறுபடி பார்த்தனர். ஆனால் அதே கூடத்தில், கதவோரம் அமர்ந்திருந்த நம் அன்னையரிலும் நன்னிமாரிலும் பலருக்கு அது மறுபார்வை அன்று, முதற்பார்வை. கொட்டகைக்குச் சென்ற முஸ்லிம் பெண்கள் இல்லாமல் இல்லை. எனினும் செல்லாதவரே மிகுதி. வியப்பு என்னவெனில், படத்தையே பார்த்திராத அவர்கள் அப்படத்தை நன்கு நினைவில் வைத்திருந்தனர்! அடுத்து வரும் பாட்டு எது, வில்லன் எங்கே சிரிப்பான் என்பதை ஆடவரைவிட முந்திச் சொன்னவர்கள் அவர்களே.

அந்த நினைவு செவிவழி வந்தது. திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. அகில இந்திய வானொலி, திரைப்படத்தின் ஒலியை மட்டும் சுருக்கி 'ஒலிச்சித்திரம்' என ஒலிபரப்பிய நேரத்தில், அரிசி புடைக்கும் கை நின்றுவிடும். இலங்கை வானொலி நாள்தோறும் பாட்டுகளைத் தந்தது. எஞ்சியதைக் கொட்டகைக்குப் போய்வந்த பிள்ளைகள் நடித்துக் காட்டினர். கேட்டவர்கள் தம் மனத்தில் குகையைக் கட்டினர், குதிரைகளை ஓட்டினர், உடைக்கு நிறமும் தந்தனர்.

நிறம் என்றதும் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' நினைவுக்கு வருகிறது. 1956 பொங்கல் நாளில் சேலத்து நிலையம் வெளியிட்ட இப்படமே தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். பெல்ஜியம் நாட்டின் கேவா வண்ணச் சுருளில் எடுக்கப்பட்டது. சுந்தரமே இயக்கினார். எம்.ஜி.ஆர். அலிபாபாவாகவும், பானுமதி மர்ஜியானாவாகவும், பி.எஸ். வீரப்பா கொள்ளைத் தலைவன் அபு ஹுசைனாகவும் நடித்தனர். முப்பது ஆண்டு கழித்து அது நம் இல்லங்களில் ஓடியபோதோ, பெட்டிகளிற் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை! நிறத்துக்காகவே பேர்பெற்ற படம் சாம்பல் பூத்து வந்தது. ஆடவர் ஏமாந்தனர், பெண்கள் ஏமாறவில்லை. நம் உறவில் ஒரு நன்னி, மர்ஜியானா ஆடும் காட்சியில் அவள் உடுத்தியிருப்பது பச்சைப் பட்டு என்று அனைவருக்கும் விளக்கினார். பின்னாளில் வண்ணப்பெட்டி வந்து அதே படம் ஓடியபோதும், தாம் கேட்ட காலத்தில் கண்ட பச்சையே சரி என்று வாதிட்டு நின்றார்.

அரபி கற்பிக்கும் எம்மிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு: 'அலிபாபா கதை எந்தக் கிதாபில் உள்ளது?' 'அல்ஃப் லைலா வ லைலா' என்னும் ஆயிரத்தோர் இரவுகளின் பழைய அரபிக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை என்பதே விடை. பிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலாந்து, சிரியாவிலிருந்து கிடைத்த ஒரு பிரதியைக் கொண்டு 1704 முதல் அந்நூலைப் பிரெஞ்சு மொழியில் பகுதி பகுதியாக வெளியிட்டார். கையிலிருந்த கதைகள் தீர்ந்துவிட்டன. வாசகரோ மேலும் வேண்டினர். அந்நேரத்தில், 1709இல், அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவ இளைஞர் ஹன்னா தியாப் என்பவர் பாரிசில் அவரைச் சந்தித்தார். அவர் வாய்மொழியாகச் சொன்ன கதைகளுள் அலாவுத்தீனும் அலிபாபாவும் அடங்கும். கலாந்து கேட்டார், நாட்குறிப்பில் சுருக்கமாகக் குறித்தார், பின் விரித்தெழுதினார். அவர் இறந்து இரண்டு ஆண்டுக்குப்பின், 1717இல் அலிபாபா அச்சேறியது. சொன்னவர் பெயரை அந்நூல் சொல்லவில்லை. 1910இல் இக்கதையின் அரபிப் பிரதி ஒன்று அச்சாயிற்று. அதுவும் பிரெஞ்சிலிருந்து அரபிக்குத் திரும்பியதே எனப் பின்வந்த ஆய்வாளர் காட்டினர். ஹன்னா தியாப் தம் பயணத்தைப் பற்றி அரபியில் எழுதிவைத்த நூல் வாத்திகன் நூலகத்தில் கிடைத்த பிறகே அவரை உலகம் நன்கு அறிந்தது.

ஹதீஸ் கலையில் செய்தியைவிட முன்னதாக ஸனதைக் கேட்பது நம் உஸ்தாதுகள் புகட்டிய பழக்கம். இவர் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று பின்னோக்கிச் செல்வோம். கதைக்கு அத்தகைய கண்டிப்பு தேவையில்லைதான். ஆயினும் அலிபாபாவின் தொடரை நோக்குங்கள்: அலெப்போ இளைஞரின் வாய், பாரிசுப் புலவரின் எழுதுகோல், ஆங்கிலப் பெயர்ப்புகள், 1941இல் என்.எஸ். கிருஷ்ணன் நடித்த தமிழ்ப்படம், 1954இல் ஹோமி வாடியாவின் இந்திப்படம், அப்பால் ஏற்காடு சாலை. இத்தனை கை மாறியபின் நம்மிடம் வந்ததை 'அரபுக் கதை' என்று நாம் சொந்தம் கொண்டாடினோம்.

கதையின் உயிர்நாடியும் செவிதான். மரத்தின்மேல் ஒளிந்திருந்த விறகுவெட்டி ஒரு சொல்லைக் கேட்டு மனத்தில் நிறுத்துகிறான், குகை திறக்கிறது. அண்ணன் காசிம் அதே சொல்லை உள்ளே நின்று மறந்து, வாற்கோதுமை முதலிய தானியங்களின் பெயரெல்லாம் சொல்லிப் பார்க்கிறான், கதவு அசையவில்லை, உயிரிழக்கிறான். அந்தச் சொல், அரபியில் 'ஸிம்ஸிம்', அதாவது எள். எள் விதைத்துச் செக்காட்டும் நம் சமவெளியில், குகையைத் திறப்பது எள்ளின் பெயரே என்று எத்தனை பேர் அறிந்தனர்? படத்தில் அயல்மொழி ஓசையை அப்படியே வைத்துக்கொண்டதோடு, அதற்கு முன்னால் அரபி போல ஒலிக்கும் இரண்டு சொற்களையும் சேர்த்தனர். அகராதிகளைப் புரட்டினோம், அவற்றுக்குப் பொருள் கிட்டவில்லை. சிறுவர்களோ அவற்றை மனனம் செய்து மதரஸாத் திண்ணையிலேயே உரக்கக் கூறினர்!

கலாந்து அச்சிட்ட தலைப்பில், நாற்பது திருடரையும் அழித்தவள் ஓர் அடிமைப்பெண் என்றே உள்ளது. கதவில் இட்ட அடையாளத்தை எல்லாக் கதவுகளிலும் இட்டுக் குழப்புவதும், ஜாடிகளில் ஒளிந்தோரைக் கொதிக்கும் எண்ணெயால் முடிப்பதும், ஆடியபடியே தலைவனை வீழ்த்துவதும் மர்ஜியானா. நம் நன்னிமார் கதை சொல்லும்போது அவளையே நடுவில் நிறுத்தினர். எம்.ஜி.ஆருக்காகப் படத்தைப் பார்த்த ஆடவர் இதை ஒப்பவில்லை. மூலத்துக்கு நெருங்கியவர்கள் யார் என்பதை வாசகரே அறிவர்.

இப்படங்களில் முஸ்லிம் என்றால் தலைப்பாகையும் வாளும் குதிரையும்தான். 'குலேபகாவலி' (1955), 'பாக்தாத் திருடன்' (1960) ஆகிய பிறர் படங்களும் இவ்வகையே. சேலம் கடைவீதியில் வணிகம் செய்த ராவுத்தரோ, நாமக்கல் சந்தைக்கு மூட்டை ஏற்றியவரோ அங்கே தென்படவில்லை. அதனால் நமக்குக் கோபம் வரவில்லை. விழாக்கோலத்தில் நம்மைக் கண்ட மகிழ்ச்சியே வந்தது. அம்மகிழ்ச்சி சற்று மலிவானது என்பது எம் கருத்து. ஏனெனில், அதே நிலையத்தில் ஒரு மெய்யான தமிழ் முஸ்லிம் எழுதிக்கொண்டிருந்தார்; அவரை நாம் மறந்தோம்.

கவி கா.மு. ஷெரீப் 1914இல் திருவாரூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தில் நின்றவர். 'தமிழ் முழக்கம்' இதழை நடத்தியவர். மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரிகுமாரி' (1950) படத்துக்கு மருதகாசியும் அவரும் பாட்டெழுதினர். அப்படத்தின் கதை வசனகர்த்தா மு. கருணாநிதியை அந்நிலையத்துக்கு அறிமுகப்படுத்தியவரும் ஷெரீபே. அந்நிலையத்தில் பணியாற்றிப் பின் தனியே படமெடுத்த எம்.ஏ. வேணுவின் 'முதலாளி' (1957) படத்தில், ஏரிக்கரைமேல் நடந்து போகும் பெண்ணை நோக்கி டி.எம். சௌந்தரராஜன் பாடும் பாட்டு அவருடையது. 'அன்னையின் ஆணை' (1958) படத்தில் தாயைப் போற்றும் பாட்டும் அவருடையதே. இவற்றில் வாளும் இல்லை, தலைப்பாகையும் இல்லை. ஏரியும், கரையும், தாயும் உள்ள தமிழே உண்டு.

வானொலி அறிவிப்பாளர் படத்தின் பெயரையும், பாடியவர் பெயரையும், பல வேளை பாட்டெழுதியவர் பெயரையும் சொல்லியே இசைத்தட்டைச் சுழலவிட்டார். ஸனது அறாமல் வந்தது. தொலைக்காட்சியிலோ எழுத்துகள் ஓடும்போது பாய் விரிப்பதும் பிள்ளைகளை அதட்டுவதுமாக இருப்போம். நாயகன் தோன்றிய பின்னரே கண் நிலைக்கும். எழுதியவர் பெயர் அவ்வாறு நழுவியது. ஹன்னா தியாபுக்குப் பாரிசில் நேர்ந்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எமக்குத் தெரியவில்லை.

மறுபடி பார்க்கும் வாய்ப்பே இல்லாதவையும் உள்ளன. மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938) சேலத்து நிலையத்தின் படைப்பு. அதன் பிரதி இன்று எங்கும் இல்லை. பூனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்தது 1964இல்தான். அதற்குள் எத்தனையோ சுருள்கள் அழிந்துவிட்டன. எஞ்சியவற்றுள்ளும் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டுபவை சிலவே.

1993இல் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டு ஷெரீப் மறைந்தார். அதன்பின் பழைய பாட்டுகளுக்கெனத் தனி அலைவரிசைகளே வந்துவிட்டன. அந்த ஏரிக்கரைப் பாட்டு இன்றும் அடிக்கடி ஒளிபரப்பாகிறது. இளையோர் திரையில் தெரியும் நடிகர் யாரென்று கேட்கின்றனர். இராசிபுரம் பக்கத்தில், பார்வை மங்கிய முதியவள் ஒருத்தி, திரையை நோக்காமலே, அதை 'ஷெரீபு பாட்டு' என்கிறாள்.