மாவுப்பூச்சியின் உட்கருவும் தந்தைவழிக் குரோமோசோம்களின் ஒடுக்கமும்

செம்பருத்திக் கொழுந்திலும் கொய்யாக் காம்பிலும் பப்பாளி இலையின் அடிப்புறத்திலும் வெண்மாவை அப்பினாற்போல் ஒட்டிக்கிடக்கும் மாவுப்பூச்சி, திருவள்ளூர் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி வரை வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் யாவர்க்கும் தொல்லையாகவே அறிமுகமான ஜந்து. ஆயினும், குரோமாட்டின் இறுகியும் தளர்ந்தும் ஓர் உயிரணுவின் உட்கருவையே உருமாற்றிவிடும் விந்தையைக் கண்ணாரக் காட்டுவதில் இதற்கு நிகரான பிராணிகள் மிகச் சிலவே.

குரோமாட்டின் என்பது டி.என்.ஏ. இழையும் அதைச் சுருட்டி வைத்திருக்கும் புரதங்களும் சேர்ந்த பொருள். ஹிஸ்டோன் எனப்படும் புரதங்கள் எட்டு கூடிய ஒரு திரளையைச் சுற்றி ஏறத்தாழ 147 கார இணை நீளமுள்ள இழை சுற்றியிருக்கும். இவ்விதத் திரளைகள் நெருங்கி அடர்ந்த பகுதிக்கு ஹெட்டிரோகுரோமாட்டின் என்ற பெயரை 1928-இல் எமில் ஹைட்ஸ் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் இட்டார். அடர்ந்த பகுதியிலுள்ள மரபணுக்கள் பெரும்பாலும் மௌனமாக இருக்கும். மரபணுவின் எழுத்துக்களில் யாதொரு மாறுதலுமின்றி, அவை பொதியப்பட்ட விதத்தினால் மட்டுமே விளைந்து, உயிரணு பிளவுபட்ட பின்னரும் தொடரும் இத்தகைய மாற்றங்களை ஆராயும் துறையே புறமரபியல்.

எலுமிச்சை வகைகளைத் தாக்கும் மாவுப்பூச்சியான பிளானோகாக்கஸ் சிட்ரிக்குக் குரோமோசோம்கள் பத்து: தாயிடமிருந்து ஐந்து, தந்தையிடமிருந்து ஐந்து. ஆண், பெண் என்று பிரிக்கும் தனிக் குரோமோசோம் இதற்குக் கிடையாது. இரு பாலும் கருவுற்ற முட்டையிலிருந்தே பிறக்கின்றன. நம் கண்ணில் படும் மெழுகுபூசிய, சிறகற்ற பூச்சிகள் பெரும்பாலும் பெண்களே. ஆணோ இரண்டு சிறகுகளுடன், உண்பதற்கு வாயே இல்லாமல், சில நாட்களே வாழ்ந்து மடியும் நுண்ணிய பிராணி. பெண்ணின் உயிரணுக்களில் பத்துக் குரோமோசோம்களும் தளர்ந்து விரிந்திருக்க, ஆணாக வளரவிருக்கும் கருவில் மட்டும், உயிரணுப் பிளவின் ஆரம்பக் கட்டம் கடந்ததும், தந்தை தந்த ஐந்தும் ஒருசேரச் சுருங்கி ஒடுங்கிவிடுகின்றன. அந்தக் கருவின் உயிரணுவைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், வெளிறிப் பரந்த உட்கருவுக்குள் கருமையான ஒரே ஒரு கட்டி தெரியும். அக்கட்டியில் அடங்கியிருப்பது தந்தைவழிச் சொத்து முழுவதும்.

அந்தச் சொத்து பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேருவதில்லை. ஆண்பூச்சி விந்தணுவை உண்டாக்கும்போது ஒடுங்கிய தொகுதி பிரிந்து அழிந்துபோக, தாயிடமிருந்து வந்த தொகுதியே விந்தணுவாகிறது. அவ்வாறு சென்ற அதே ஐந்து குரோமோசோம்கள், முந்திய தலைமுறையில் விரிந்து தொழிற்பட்டவையாயிருந்தும், இப்போது தந்தையினுடையவை ஆகிவிட்டபடியால், அடுத்த தலைமுறை மகனிடத்தில் தாமே ஒடுங்குகின்றன. ஆகவே ஒடுக்கத்துக்குக் காரணம் குரோமோசோமின் பிறவிக் குணமன்று, எவரிடமிருந்து வந்தது என்ற முத்திரையே என்பது பெறப்படுகிறது.

ஒடுங்கியவை உண்மையிலேயே செயலற்றவையா என்ற ஐயத்தைத் தீர்த்தவர்கள் ஸ்பென்சர் பிரவுனும் நெல்சன்-ரீஸும் ஆவர். 1961-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், எக்ஸ் கதிர் பாய்ச்சப்பட்ட தந்தைகளுக்குப் பிறந்த மகள்கள், சிதைந்த குரோமோசோம்களின் கேட்டைத் தாங்காமல் மடிந்தன, மகன்களோ பிழைத்தன. தாய்க்குக் கதிர் பாய்ச்சியபோது இருபாலும் மடிந்தன. சாயத்தினால் தெரிந்த உருவத்தையும் மரபணுவின் மௌனத்தையும் இவ்வளவு எளிய உபாயத்தால் இணைத்துக் காட்டிய பரிசோதனை எந்தப் பாடநூலிலும் இடம்பெறத் தக்கது. இருப்பினும் இம்மௌனம் மீளாததன்று: ஆணின் குடல் முதலிய சில திசுக்களில் கட்டி மறுபடி அவிழ்ந்து தொழிற்படுவதை உசி நூர் 1967-இல் எடுத்துக்காட்டினார்.

கட்டியைக் கட்டுவன புரதங்கள். பழ ஈயில் 1986-இல் கண்டறியப்பட்ட எச்.பி.1 என்னும் புரதத்தின் இனத்தவை மாவுப்பூச்சியிலும் உண்டென 1992-இல் தெரியவந்தது. மூன்றாம் ஹிஸ்டோனின் ஒன்பதாம் இடத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தில் மூன்று மீதைல் குழுக்கள் ஏறியிருப்பது எச்.பி.1 வந்து பற்றுவதற்குரிய அடையாளம்; ஆண்பூச்சியின் கட்டியில் அவ்வடையாளம் செறிந்திருக்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் இவ்வினப் புரதங்களில் ஒன்றைக் கருவில் குறையச் செய்தபோது, இறுகியிருந்த தொகுதி நெகிழ்ந்து விரிந்தது. ஒரே ஒரு புரதம் குன்றியதும் உட்கருவின் அமைப்பே குலைந்தது என்பதில்தான் இவ்வாராய்ச்சியின் பெருமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இத்துறையில் நம் நாட்டின் பங்கு சிறியதன்று. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த எச். சரத் சந்திரா, பிரவுனுடன் இணைந்து, பெண் பாலூட்டிகளின் இரு எக்ஸ் குரோமோசோம்களுள் ஒன்று அடங்கும் முறையையும் பெற்றோர் முத்திரை என்ற இந்தக் கண்கொண்டே ஆராய்ந்து, 1975-இல் நேச்சர் இதழில் எழுதினார். பெண் பூனையின் நரம்பணுவில் 1949-இல் பார், பெர்ட்ராம் என்னும் ஆய்வாளர்கள் கண்ட கரும்புள்ளி, பிற்பாடு ஒடுங்கிய எக்ஸ் குரோமோசோமே என்று அறியப்பட்டது. கங்காரு இனத்தில் அவ்வாறு அடங்குவது எப்போதும் தந்தையின் எக்ஸ். பிளானோகாக்கஸ் லிலாசினஸ் என்ற மற்றொரு மாவுப்பூச்சியில், டி.என்.ஏ.வை வெட்டும் நொதிக்கு எளிதில் இடங்கொடாத குரோமாட்டின் பகுதி ஆணில் மட்டும் இருப்பதைப் பெங்களூர்க் குழுவினர் 1996-இல் வெளியிட்டனர்.

தமிழ்நாட்டில் இப்பூச்சிகள் ஆராய்ச்சிக்காக அன்றி நஷ்டத்துக்காகவே பெயர்பெற்றன. 2008-இல் கோயமுத்தூர்ப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளை வருத்த, 2010-இல் போர்ட்டோ ரீக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியே அதை அடக்கியது.