சுவரொட்டியும் இசைத்தட்டும்: 'சுப்பர் ஃபிளை' விளம்பரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திரைப்படம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் இயக்குநரையும் நடிகரையும் நோக்குமளவுக்கு, அதனை விற்பதற்கென அச்சிடப்பட்ட தாள்களை நோக்குவதில்லை. காட்சி மாறியதும் கிழிக்கப்படும் சுவரொட்டிக்கும், மறுநாட் பழைய தாளாகிவிடும் பத்திரிகை விளம்பரத்துக்கும் வரலாற்றுப் பெறுமதி உண்டென்பது பலருக்குத் தோன்றுவதுமில்லை. ஆயின், ஒரு படம் யாருக்காக, எதனை முன்னிறுத்தி, எதனை மறைத்து விற்கப்பட்டது என்பதை அத்தாள்களே வெளிப்படையாகக் கூறுகின்றன. 1972 ஆகஸ்டில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான 'சுப்பர் ஃபிளை' இதற்குத் தக்கதோர் உதாரணமாகும்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் அமெரிக்க வெள்ளை நடுத்தர வர்க்கத்தினர் பெருந்தொகையாகப் புறநகர்களிற் குடியேறினர். தொலைக்காட்சியும் வீடுதோறும் நுழைந்தது. நகர மையத்திலிருந்த பெரிய படமாளிகைகள் வெறிச்சோடின. அவற்றைச் சூழ எஞ்சியிருந்தோருட் பலர் கறுப்பின மக்கள். அறுபதுகளின் இறுதியிற் கடும் பண நெருக்கடிக்கு உள்ளான ஹொலிவூட் இம்மக்களைக் 'கண்டுபிடித்தமை' அவர்கள் மீதுள்ள பரிவினால் அன்று.

வழிகாட்டியவரோ ஹொலிவூட்டுக்கு வெளியே நின்று படமெடுத்த மெல்வின் வான் பீபிள்ஸ். 'ஸ்வீட் ஸ்வீட்பாக்' எனச் சுருக்கமாக வழங்கும் தமது படத்தை 1971இல் வெளியிட்டபோது விளம்பரத்துக்கு அவரிடம் பணமிருக்கவில்லை. எனவே ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் மூலம் பாடல் இசைத்தட்டைப் படத்துக்கு முன்னரே சந்தைக்கு அனுப்பினார். படத்துக்கு 'எக்ஸ்' தரம் கிடைத்ததும், முற்றாக வெள்ளையரைக் கொண்ட யூரர் குழுவே அம்முத்திரையை இட்டது என விளம்பரங்களிலும் சட்டைகளிலும் அச்சிட்டார். தடையே விளம்பரமாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் 'ஷாஃப்ட்' வந்தது. அதற்கு ஐசக் ஹேய்ஸ் அமைத்த தலைப்பிசை நவம்பரில் பில்போட் வரிசையில் முதலிடத்தையும், 1972இல் ஒஸ்கார் விருதையும் பெற்றது. படமும் பாட்டும் ஒன்றையொன்று விற்கும் என்பதில் இதன்பின் எவருக்கும் ஐயமிருக்கவில்லை.

இவ்விரண்டின் வழியில் வந்ததே 'சுப்பர் ஃபிளை'. இயக்கியவர் கோர்டன் பார்க்ஸ் இளையவர். 'ஷாஃப்ட்' இயக்குநரின் மகன். ஹாலெம் தெருக்களிற் கொக்கெயின் விற்கும் பிறீஸ்ற் என்பவன், கடைசியாக ஒரு பெரும் வியாபாரத்தை முடித்துக்கொண்டு அத்தொழிலை விட்டு வெளியேற முயல்வதே கதை. சுவரொட்டியிலோ வெளியேறும் எண்ணத்தின் சாயல்கூட இல்லை. பருத்த எழுத்துக்களிற் படத்தின் பெயர், கைத்துப்பாக்கியுடன் நாயகன் றொன் ஓநீல், பக்கத்தில் ஒரு பெண். இப்படிப்பட்ட ஒருவனை எவரும் கண்டதில்லை, 'மேன்' என்பவரை மடக்க அவன் திட்டம் வைத்திருக்கிறான் என்ற பொருளில் ஆங்கில வாசகம். ஆள் என்று மட்டுமே பொருள்தரும் அச்சொல், கறுப்பினத் தெருமொழியில் வெள்ளை அதிகாரத்தையும் பொலிசையும் ஒருங்கே சுட்டுவது. போதைப்பொருள் வியாபாரி ஒரே வரியில் விடுதலை வீரனாகிவிடுகிறான்! அதே தாளிற் கேர்ட்டிஸ் மேபீல்ட் தம் இசையை வாசிப்பதைக் காணவும் கேட்கவும் வாருங்கள் என்ற அழைப்பும் இடம்பெற்றது.

இத்தகைய விளம்பரங்கள் பரவிய முறையும் நோக்கற்பாலது. தயாரிப்பு நிறுவனங்கள் படமாளிகைகளுக்கு விளம்பரக் கையேடுகளை அனுப்புவது அக்கால வழக்கம். ஒரு பத்தி அகலத்திலிருந்து முழுப்பக்கம் வரை பல அளவுகளில் ஆயத்த விளம்பரங்கள் அவற்றில் இருக்கும். படமாளிகைக்காரர் தம் பணத்துக்கேற்றதைத் தெரிவுசெய்து உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கொடுப்பார். இசைத்தட்டுக் கடைகளுடனும் வானொலி நிலையங்களுடனும் கூட்டுச் சேரும் வழிகளையும் அக்கையேடுகள் கூறும். பத்திரிகைத் தாளின் கறுப்பு மையில் நுண்ணிய நிழல்கள் தெளியா. ஆகவே துப்பாக்கியும் பெரிய எழுத்தும் மாத்திரமே தப்பிப் பிழைத்தன. விளம்பரம் சிறுக்கச் சிறுக்கக் கதையும் சிறுத்தது.

மேபீல்டின் நிலை வேறு. சிக்காகோவில் வறுமையில் வளர்ந்த அவர், 'இம்ப்ரெஷன்ஸ்' குழுவில் இருந்த காலத்திலேயே குடியுரிமைப் போராட்டத்தோடு இணைந்த பாடல்களால் அறியப்பட்டவர். 'கேர்ட்டம்' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனமும் அவருக்கிருந்தது. படத்தின் தொடக்கப் பிரதியைக் கண்டபோது அது கொக்கெயினுக்கான விளம்பரம் போலத் தமக்குத் தோன்றியதெனப் பிற்காலத்திற் கூறினார். திரையில் வியாபாரியின் உடையும் காரும் ஒளிர, அவர்தம் பாடல்கள் அவ்வாழ்வின் விலையைக் கணக்கிட்டன.

குறிப்பாக 'ஃபிரெடீஸ் டெட்' என்ற பாடல், பொலிசாரிடம் அகப்பட்டுத் தப்பியோடுகையிற் காரில் மோதுண்டு மாளும் சிறு வியாபாரி ஒருவனைப் பற்றியது. நாயகனைப் போலன்றி அவனுக்குத் திட்டமெதுவும் இல்லை. சுவரொட்டியில் அவனுக்கு இடமும் இல்லை. ஆனால் படம் வருமுன்பே வானொலியில் ஒலித்து, பில்போட் வரிசையில் நான்காம் இடம்வரை சென்றது அவனது மரணமே. இதில் ஒரு விந்தை உண்டு. திரையில் அப்பாடலின் இசை மட்டுமே வருகின்றது, சொற்கள் இல்லை. அதனாலேயே அது ஒஸ்கார் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. ஆகவே படத்தைக் கண்டிக்கும் சொற்கள் படத்துக்குள் இல்லாமல், அதனை விற்ற இசைத்தட்டில் இருந்தன. வானொலியிற் பாட்டைக் கேட்டுப் படமாளிகைக்கு வந்தவர்கள் அச்சொற்களைத் தம் நினைவிற் சுமந்து வந்தனர். சுவரொட்டியை மட்டும் கண்டு வந்தவர்கள் அவை இல்லாத படத்தைப் பார்த்தனர்.

ஜூலையில் வெளியான இசைத்தட்டு ஒக்டோபரில் முதலிடத்தை எட்டி நான்கு வாரங்கள் நிலைத்தது. அதன் உறையிலும் படத்தின் பெயர் சுவரொட்டியின் எழுத்து வடிவிலேயே இருந்தது. துப்பாக்கியேந்திய நாயகனும் அங்கிருந்தான். எனினும் மேபீல்டின் முகமே உறையிற் பெரிது. இசைத்தட்டின் வருவாய் படத்தின் வருவாயையும் விஞ்சியது என்பர்.

எதிர்ப்பும் உடன் கிளம்பியது. என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் ஹொலிவூட் கிளைத் தலைவர் ஜூனியஸ் கிரிஃபின், கறுப்பினத்தவர், சுரண்டல் ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை இணைத்து 'பிளக்ஸ்புளொயிற்றேஷன்' என்ற சொல்லை அவ்வாண்டிலேயே உருவாக்கினார். அவரும் ஒரு காலத்திற் திரைப்பட விளம்பரத் துறையிற் பணியாற்றியவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஒரு சொல்லின் வலுவை அறிந்தவரே அச்சொல்லைத் தந்தார். கண்டனம் நியாயமானதே. ஆயினும் கறுப்பினத் தொழில்நுட்பவியலாளரும் நடிகரும் தமக்குக் கிடைத்த அருமையான வேலை பறிபோகுமென அஞ்சியதும் நியாயமானதே. இவ்விரு நியாயங்களுக்கும் நடுவில் வோர்னர் பிறதர்ஸ் நிறுவனம் படத்தைத் தொடர்ந்து விற்றது.

1973இல் 'சுப்பர் ஃபிளை ரி.என்.ரி.' என்ற தொடர்ச்சிப் படம் வந்தது. ஓநீலே நடித்து இயக்கினார். சுவரொட்டியில் அதே பெயரும் அதே நாயகனும். இசை மட்டும் மேபீல்டினுடையதன்று, ஒசிபிஸா குழுவினுடையது. படம் தோல்வியுற்றது. முதற்படத்தின் இசைத்தட்டையோ அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணுதற்குரிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் 2019 மார்ச்சிற் சேர்த்தது. திரைப்படம் அந்நூலகத்தின் திரைப்படப் பட்டியலில் இடம்பெற்றது 2022 டிசம்பரிலேயே.